வாசகர் கேள்வி – பதில்: ஸ்னேப்பின் கணக்கும் நெவிலின் தேரையும்

கேள்வி: ஹாரி பாட்டர் கதையில் வரும் ஆசிரியர் ஸ்னேப் நல்லவரா, கெட்டவரா? எங்கள் வீட்டில் மூன்று வாரமாக இதுதான் பேச்சு. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், நேசித்த பெண்ணுக்காக உயிரையே பணயம் வைத்தவரை எப்படிக் கெட்டவர் என்பது என்கிறாள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருக்கும் என் அண்ணன், பிள்ளைகளை அப்படி வதைத்தவர் வேறு என்ன செய்தாலும் நல்லவராக முடியாது என்கிறார். ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ என்று வள்ளுவர் சொன்னபடி இரண்டையும் நிறுத்துப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகி, ஈசூன்

பதில்: படிக்காதவர்களுக்காகக் கதையை முதலில் இரண்டு வரிகளில் சொல்லிவிடுகிறேன். 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளிவந்த அந்தக் கதையில், ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியில் மருந்துக் கலவை கற்பிக்கும் செவரஸ் ஸ்னேப், கொடியவன் வால்டமார்ட்டின் ஆளாகத் தோன்றி, கடைசியில் தலைமையாசிரியர் டம்பிள்டோருக்காகவே உளவு பார்த்தவர் என்று தெரியவருகிறார். அதற்குக் காரணம், ஹாரியின் தாய் லில்லியின் மீது சிறுவயது முதல் அவர் வைத்திருந்த அன்பு.

நீங்கள் சொன்ன குறளிலிருந்தே தொடங்கலாம். அது பொருட்பாலில், ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவனை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று அரசன் ஆராயும் இடம் அது. குற்றமே இல்லாதவன் கிடைக்கமாட்டான், ஆகவே எது மிகுதியோ அதைப் பார்த்து எடுத்துக்கொள் என்பது வேலைக்கு ஆள் எடுப்பவருக்குச் சொன்ன அறிவுரை. டம்பிள்டோர் இதைத்தான் செய்தார். வால்டமார்ட்டின் முகத்துக்கு நேரே நின்று மனத்தை மறைக்கத் தெரிந்த ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார், ஸ்னேப் இருந்தார், எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்தக் கதையில் யாருமில்லை. ஆனால் உங்கள் வீட்டு வழக்கு வேலையைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. அதற்குத் தராசைத் தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. லில்லிக்காகச் செய்ததை ஒரு தட்டிலும் வகுப்பறையில் செய்ததை மறுதட்டிலும் வைத்தால், ஒருவரிடம் பட்ட கடனை வேறொருவரிடம் செலுத்திக் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தவர்களாவோம்.

உங்கள் மகளும் அண்ணனும் ஹாரியின் பக்கத்திலிருந்தே பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருமுறை நெவில் லாங்பாட்டம் என்ற பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூலை மாத முடிவில் பிறக்கும் ஒரு குழந்தை வால்டமார்ட்டை வீழ்த்தக்கூடும் என்ற குறியைப் பாதி மட்டும் ஒட்டுக்கேட்டு, ஓடிப்போய்த் தன் தலைவனிடம் சொன்னவர் ஸ்னேப். அந்தக் குறி இரண்டு குழந்தைகளுக்குப் பொருந்தியது: ஒருவன் ஹாரி, மற்றவன் நெவில். வால்டமார்ட் ஹாரியைத் தேர்ந்தான், அதனால் லில்லிக்கு ஆபத்து வந்தது, அப்போதுதான் ஸ்னேப் ஒரு குன்றின்மீது டம்பிள்டோரைச் சந்தித்து அவர் காலில் விழுந்தார். அப்போதும் அவர் கேட்டது லில்லியின் உயிரை. கணவனும் குழந்தையும் செத்தால் உனக்குக் கவலையில்லையா என்று டம்பிள்டோரே அருவருப்போடு கேட்கவேண்டியிருந்தது. வால்டமார்ட் அன்று லாங்பாட்டம் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் ஸ்னேப் அந்தக் குன்றின்மீது வந்து நின்றிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் மகள் சொல்லும் காதல் உண்மையானதுதான், ஆனால் அது ஒரே ஒருத்தியின் எல்லைக்குள் நின்றுவிட்ட அன்பு.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதே நெவில் ஸ்னேப்பின் வகுப்பில் கொப்பரைக்கு முன்னால் நிற்கிறான். பச்சையாக வரவேண்டிய கலவை ஆரஞ்சு நிறத்தில் வந்துவிட்டது. பாடத்தின் முடிவில் அதில் சில துளிகளை நெவில் வளர்க்கும் தேரைக்குக் கொடுத்துப் பார்க்கப் போவதாக ஸ்னேப் அறிவிக்கிறார். தவறாகக் கலந்திருந்தால் தேரை செத்துப்போகும். பையனுக்கு அது தெரியும். பக்கத்திலிருந்த ஹெர்மாயினி முணுமுணுத்துக் காப்பாற்றிவிடுகிறாள், தேரை சாகாமல் தலைப்பிரட்டையாகிறது. ஸ்னேப்பின் முகம் சுண்டிப்போகிறது. உதவி செய்ததற்காக அவளுடைய அணியிலிருந்து ஐந்து புள்ளிகளைக் கழிக்கிறார். அன்றைய அடுத்த பாடத்தில், ஒருவர் எதற்கு மிகவும் அஞ்சுகிறாரோ அதன் உருவெடுக்கும் பேய் ஒன்று நெவிலின் முன் வரும்போது, ஸ்னேப்பாகத்தான் வருகிறது. அவனுடைய பெற்றோர் வால்டமார்ட்டின் ஆட்களால் சித்திரவதை செய்யப்பட்டு, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத நிலையில் மருத்துவமனையில் கிடக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை உலகத்திலேயே அதிகம் அஞ்சுவது தன் ஆசிரியருக்கு.

இதெல்லாம் உளவாளி போட்ட வேடம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வகுப்பில் வால்டமார்ட்டின் ஆட்களுடைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உண்மை. ஹாரியிடம் காட்டிய வெறுப்புக்கு அந்தச் சமாதானத்தைப் பாதியளவு ஏற்கலாம். ஆனால் ஒரு தேரையை விட்டுவைத்திருந்தால் எந்த வேடம் கலைந்திருக்கும்? ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனின் குரலில் திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்கள் ஸ்னேப்பிடம் இளகிப்போவதில் வியப்பில்லை, நானும் இளகியவன்தான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றும் குறுக்கே வருகிறது. தொடக்கப்பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஏழாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறும்போதெல்லாம் வகுப்பு முழுவதையும் சிரிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பல ஆண்டுகளுக்குப் பிறகு தேக்கா உணவங்காடியில் அவரைப் பார்த்தேன். அன்போடு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார், பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டினார், என்னை வகுப்பில் கெட்டிக்காரன் என்றார். அவருக்கு எதுவுமே நினைவில்லை. அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்லமுடியவில்லை. ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்வதற்குமுன் இன்றும் ஒரு கணம் நின்றுதான் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் கவனிக்கத் தவறிய ஒன்றும் உண்டு. ஸ்னேப் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. எத்தனை பேர் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று டம்பிள்டோர் கேட்கும்போது, அண்மைக்காலத்தில் தன்னால் காப்பாற்ற முடியாதவர்களை மட்டுமே என்கிறார். அங்கே லில்லியின் பெயர் இல்லை. டம்பிள்டோர் கேட்டுக்கொண்டபடியே அவரைக் கொன்று, உலகத்தின் பழியைச் சுமந்தபடி தலைமையாசிரியரான பிறகு, நெவிலும் அவன் தோழிகள் இருவரும் அவருடைய அறையிலிருந்து ஒரு வாளைத் திருட முயன்று பிடிபடுகிறார்கள். மாணவர்களைச் சித்திரவதை செய்யவும் தயங்காத இருவர் அப்போது அவருக்குக் கீழே ஆசிரியர்கள். அவர்களிடம் விட்டுவிடாமல், ஹாக்ரிட்டோடு காட்டுக்குப் போய் வேலை செய்யுங்கள் என்று மூவரையும் அனுப்புகிறார். ஹாக்ரிட் அந்தப் பிள்ளைகளின் நண்பர். தண்டனை என்ற பெயரில் ஸ்னேப் நெவிலைக் காப்பாற்றிய இடம் அது. நெவிலுக்கு அது தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு இருவருக்குமே முழுத் திருப்தி தராது. போரில் ஸ்னேப் நல்லவர்களின் பக்கம் நின்றார், அதற்கு நாளும் உயிரைப் பணயம் வைத்தார், பிற்காலத்தில் நல்லவராகிக்கொண்டும் இருந்தார். வகுப்பறையில் அவர் கொடியவர், அந்தக் கொடுமைக்கு அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

கேள்வி: ஸ்னேப்பை வீடணனோடு ஒப்பிடலாமா, கும்பகருணனோடு ஒப்பிடலாமா?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: இரண்டும் முழுதாகப் பொருந்தாது. வீடணன் அண்ணனிடம் நேருக்குநேர் அறத்தைச் சொல்லி, கேட்காதபோது வெளிப்படையாக அணி மாறினான். கும்பகருணன் தவறென்று தெரிந்தும், வளர்த்தவனுக்காகச் சாவதைத் தேர்ந்தான். ஸ்னேப் மனத்தால் வீடணனாகவும் நின்ற இடத்தால் கும்பகருணனாகவும் இருந்தார். வீடணனுக்காவது இராமன் தம்பி என்று சொல்லி அணைத்துக்கொண்டான். ஸ்னேப்புக்கு உயிரோடிருந்தவரை அப்படி ஒருவரும் இல்லை.

கேள்வி: தன்னை அவ்வளவு வெறுத்தவரின் பெயரை ஹாரி தன் மகனுக்கு வைத்தது சரியா?
— வாசகர், ஜூரோங்

பதில்: தனக்குச் செய்யப்பட்டதை மன்னிக்க ஹாரிக்கு உரிமை உண்டு, வைத்துக்கொள்ளட்டும். ஸ்னேப்பைக் கொன்றது வால்டமார்ட் ஏவிய பாம்பு. அந்தப் பாம்பின் தலையை வெட்டியவன் நெவில். அவனே பின்னாளில் அதே ஹாக்வார்ட்ஸில் மூலிகையியல் ஆசிரியராகிறான், ஹாரியின் மகன் ஆல்பஸ் செவரஸும் படிக்க வருவது அங்கேதான். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் பேராசிரியர் லாங்பாட்டம் எப்படி வாசித்தார் என்பது ஏழாம் பாகத்தில் இல்லை.