ரோபோக்களை மனிதரைப் போலவே எப்படிச் செய்கிறார்கள்? பார்க்க ஏன் ஒரு மாதிரி இருக்கிறது? இன்னும் சில வருடங்களில் வித்தியாசமே தெரியாமல் போய்விடுமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தொழிற்சாலைகளில் ஓடும் ரோபோ கைகளுக்கு மோட்டார் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவன். மனித உருவ ரோபோ எதையும் கட்டியதில்லை. ஆனால் ஒரு மோட்டாரைக் குலுங்காமல் கிளப்பி, குலுங்காமல் நிறுத்துவதற்கே எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தெரியும். அதை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தோற்றத்தை ஏறக்குறைய பிடித்துவிட்டார்கள். பிடிபடாமல் நழுவுவது நேரக்கணக்கு. எந்தக் கணத்தில் சிரிப்பது, எவ்வளவு வேகத்தில் தலையைத் திருப்புவது, எப்போது கண்ணை விலக்குவது என்ற இடத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது.

தோற்றத்திலிருந்தே வருவோம். ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி இஷிகுரோ 2006-இல் தன்னையே மாதிரியாக வைத்து ஜெமினாய்ட் என்ற ரோபோவைச் செய்தார். அவர் உடலில் எடுத்த வார்ப்பு, அதன் மேல் சிலிகோன் தோல், உள்ளே அசைவு தர, காற்றழுத்தத்தில் இயங்கும் சுமார் 50 இயக்கிகள். ஏன் மின்மோட்டார் வைக்காமல் காற்று? மோட்டாரும் பற்சக்கரமும் சத்தம் போடும். புன்னகைக்கும் முகத்துக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஒரு ஒலி வந்தால் அவ்வளவுதான், மாயம் கலைந்துவிடும். காற்றழுத்தத்தில் அந்தச் சத்தம் இல்லை; தொட்டாலும் விறைப்பாக நிற்காமல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் அழுத்தப்பட்ட காற்றைத் தர வெளியே ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஜெமினாய்ட் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அது தானாகப் பேசவில்லை. வேறோர் அறையில் ஒருவர் பேச, அவருடைய உதட்டசைவைக் கேமரா பிடித்து ரோபோவுக்கு அனுப்பியது.

தோலில் இருக்கும் சிக்கல் வெளியே அவ்வளவாகத் தெரியாது. நம் தோல் கொழுப்புப் படலத்தின் மேல் வழுக்கி நகர்ந்து, ஓரிடத்தில் குவிந்து, சுருக்கமாக மடிகிறது. சாதாரண சிலிகோன் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். மடிவதற்கு மட்டும் அடம்பிடிக்கும். ரோபோ முகங்கள் செய்யும் டேவிட் ஹான்சன் இதற்காகவே 'ஃப்ரப்பர்' என்று நுண்ணிய காற்றறைகள் கொண்ட ஒரு மென்பொருளை... மன்னிக்கவும், மென்மையான ரப்பரை உருவாக்கினார் (தொழில் புத்தி!). 2016-இல் வந்த அவருடைய சோஃபியா என்ற ரோபோவின் முகம் அதுதான். குறைந்த விசையில் இழுபடும் என்பதால் சின்ன மோட்டார்களே போதும். 2017-இல் சவூதி அரேபியா சோஃபியாவுக்குக் குடியுரிமை கொடுத்ததாக அறிவித்ததே, அது விளம்பரக் கணக்கில் சேர்க்க வேண்டியது. அந்த ரப்பர்தான் பொறியியல்.

இதைவிட ஒரு படி மேலே போனவர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷோஜி டகேயுச்சியின் குழுவினர். 2022-இல் ஒரு ரோபோ விரலின் மேல் மனிதத் தோல் செல்களையே வளர்த்துக் காட்டினார்கள். 2024-இல் ஒரு சின்ன முக அச்சில் நுண்ணிய துளைகள் போட்டு, அந்தத் துளைகளுக்குள் திசு வேர்பிடிக்கிற மாதிரி செய்து, அதைச் சிரிக்க வைத்தார்கள். படத்தைப் பார்த்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். ரத்த ஓட்டம் இல்லாத தோல் வெளிக்காற்றில் வெகுநேரம் தாங்காது, ஆகவே இப்போதைக்கு அது ஆய்வகத்துக்குள்தான்.

சரி, தோல் கிடைத்துவிட்டது. அதை எங்கே பிடித்து இழுப்பது? உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் வெளியிட்ட ஒரு முறை, எந்தத் தசை சுருங்கினால் முகத்தில் எது மாறும் என்று ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியலிட்டது. அனிமேஷன் செய்பவர்களும் ரோபோ முகம் செய்பவர்களும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதன்படி மனதார வரும் சிரிப்பில் உதட்டோரம் மட்டும் உயர்ந்தால் போதாது, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்க வேண்டும். பல ரோபோ முகங்களில் வாய்ப் பக்கம் மோட்டார்கள் நிறைய, கண்ணோரத்தில் குறைவு. அதனால் சிரிப்பு வாயோடு நின்றுவிடுகிறது.

இனி நேரக்கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த வேலை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாட் லிப்சன் குழு 2024-இல் வெளியிட்ட எமோ என்ற முகம். அதில் 26 இயக்கிகள். எதிரில் இருப்பவர் சிரிக்கப்போவதைச் சுமார் 0.84 விநாடிக்கு முன்பே ஊகித்து, அவரோடு சேர்ந்தே சிரிக்கும். ஊகம் எதற்கு? பார்த்த பிறகு சிரிக்கத் தொடங்கினால் கேமரா எடுக்கும் நேரம், கணக்கிடும் நேரம், மோட்டார் நகரும் நேரம் எல்லாம் சேர்ந்து சிரிப்பு தாமதமாக வந்து சேரும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒருவர் மட்டும் சிரித்தால் நமக்கு அவர் மேல் வரும் சந்தேகம் அப்படியே ரோபோ மேலும் வரும். நாங்கள் கன்வேயரில் ஓடிவரும் பொருளை எடுக்கும்போதும் அது இருக்கும் இடத்துக்குக் கையை அனுப்புவதில்லை. இருக்கப்போகும் இடத்துக்கு அனுப்புகிறோம். கணக்கு ஒன்றுதான், விஷயம்தான் வேறு.

பேச்சில் இது இன்னும் கடினம். 10 மொழிகளை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி அளவில்தான் இருக்கிறது. அதாவது எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். ரோபோவோ அவர் பேசி முடித்துவிட்டார் என்பதை உறுதிசெய்யவே கொஞ்ச நேரம் மௌனத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் பேச்சை எழுத்தாக்கி, பதிலை உருவாக்கி, திரும்பக் குரலாக்க வேண்டும். பெரிய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவை) வந்த பிறகு பதிலின் தரம் எங்கேயோ போய்விட்டது, ஆனால் இந்த இடைவெளி இன்னும் உறுத்துகிறது. அதை மறைக்க 'ம்ம்' என்று இழுக்கவும், யோசிப்பது போல மேலே பார்க்கவும் வைக்கிறார்கள். ஏமாற்று வேலைதான், நாமும் அதையே செய்கிறோம் என்பது வேறு விஷயம். கண்ணின் மகிமை பழைய ஆட்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1770-களில் சுவிட்சர்லாந்தின் ஜாக்கே-த்ரோ குடும்பத்தினர் செய்த எழுதும் சிறுவன் பொம்மை இன்னும் நஷாத்தெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதும்போது அதன் கண்கள் எழுத்தோடு நகரும்.

'ஒரு மாதிரி இருக்கிறது' என்பதற்கு வருகிறேன். ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-இல் ஒரு கட்டுரையில் ஒரு வளைகோடு வரைந்தார். மனிதச் சாயல் கூடக்கூட நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், ஏறக்குறைய மனிதராகும் கட்டத்தில் சட்டென்று ஒரு பள்ளத்தில் விழும், முழுக்க மனிதரானால் மறுபடி ஏறும் என்றார். அது பரிசோதனையில் கிடைத்த கோடு அல்ல, அனுமானம். அசைவு சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றும் அவர் சொல்லியிருந்தார். பிற்பாடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஐஷே பினார் சாய்கின் குழு மூளை ஸ்கேனை வைத்து இதைப் பார்த்தது. ஒரே மாதிரிச் செயல்களை ஒரு மனிதர் செய்வது, தோல் போர்த்திய ரோபோ செய்வது, அதே ரோபோ தோல் இல்லாமல் செய்வது என்று மூன்று வகைக் காணொளிகள். மூளை வித்தியாசமாக எதிர்வினை காட்டியது நடுவில் உள்ளதற்குத்தான். தோற்றம் மனிதர், அசைவு இயந்திரம், இரண்டும் பொருந்தவில்லை. இயந்திரம் இயந்திரம் மாதிரி அசைந்தால் யாருக்கும் உறுத்தலில்லை.

அதனால்தான் இந்தத் துறையில் பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்களை நான் மதிக்கிறேன். பிரிட்டனின் எஞ்சினியர்டு ஆர்ட்ஸ் நிறுவனம் 2021-இல் காட்டிய அமேகா ரோபோவுக்குச் சாம்பல் நிற முகம், முடி கிடையாது, கழுத்துக்குக் கீழே உலோகம் வெளியே தெரியும். நான் இயந்திரம் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் அதன் முகபாவங்களை நாம் தாராளமாக ரசிக்கிறோம். 1990-களின் இறுதியில் எம்ஐடியில் சிந்தியா பிரசீல் செய்த கிஸ்மெட் என்ற ரோபோ தலைக்குத் தோலே கிடையாது. பெரிய கண்கள், காதுகள், புருவங்கள், உதடுகள், அவ்வளவுதான். ரொம்ப நெருங்கினால் பின்வாங்கும். அதற்கே மக்கள் அதனிடம் பதமாகப் பேசினார்கள். முதியவர்களுக்காக ஜப்பானில் செய்த பாரோ என்ற ரோபோவை நாயாகவோ பூனையாகவோ செய்யாமல் சீல் குட்டியாகச் செய்ததற்கும் இதே காரணம்தான்: நிஜ சீல் குட்டியோடு பழகியவர் யார், ஒப்பிட?

உடல், நடை பற்றிச் சுருக்கமாக. படிக்கட்டும் கதவுக் கைப்பிடியும் மனித உடலுக்காகச் செய்தவை, ஆகவே ரோபோவுக்கும் அதே உடல் வேண்டும் என்கிறார்கள். கைகளுக்கு ஒத்துக்கொள்கிறேன். தட்டையான தொழிற்சாலைத் தரையில் கால் எதற்கு என்பதற்கு மட்டும் யாரும் எனக்குத் திருப்தியான பதில் சொன்னதில்லை. ஹோண்டாவின் அசிமோ ரோபோ (2000) எப்போதும் முழங்காலை மடக்கியே நடக்கும். கால் முழுக்க நீண்டுவிட்டால், முழங்காலை அசைத்து இடுப்பை ஏற்றி இறக்கும் பிடி அந்தக் கணத்தில் போய்விடும், கட்டுப்பாட்டுக் கணக்கு அங்கே உடையும். இப்போதைய ரோபோக்களில் பல, கணினிக்குள் ஆயிரக்கணக்கான நகல்களாக விழுந்து எழுந்து நடை கற்கின்றன. மனிதர் நடந்த பதிவுகளையே முன்மாதிரியாகக் கொடுப்பதால் காலை நீட்டிக் குதிகால் ஊன்றும் நடையும் கூடவே வந்துவிடுகிறது. 2021-இல் டெஸ்லா தன் ரோபோவை அறிவித்தபோது மேடையில் ஆடியது ரோபோ உடை போட்ட ஒரு மனிதர். 2025 நவம்பரில் சீனாவின் எக்ஸ்பெங் நிறுவனம், தன் ரோபோவுக்குள் மனிதர் இல்லை என்று நிரூபிக்க மேடையிலேயே அதன் காலைப் போர்த்தியிருந்த மேலுறையைக் கத்தரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

வித்தியாசமே தெரியாமல் போகுமா என்ற கடைசிக் கேள்வி. உட்கார்ந்திருக்கும் ரோபோ, சில விநாடி வீடியோ, கொஞ்சம் தூரம் என்றால் இப்போதே பலர் ஏமாறுவார்கள். எழுந்து நடந்து வந்து கைகொடுத்து உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசும் ரோபோ என்றால் சில வருடங்களில் நான் எதிர்பார்க்கவில்லை. சத்தமில்லாமல் முகத்தை அசைக்கும் காற்றுக்குக் கம்ப்ரசர் வேண்டும், அது நடக்கும் உடலில் அடங்காது. நடக்கவைக்கும் மோட்டார்களோ சத்தம் போடும், சூடாகும், பேட்டரியைக் குடிக்கும். இரண்டையும் ஒரே உடம்பில் அடைத்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிய யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.