லாவா குகைகளுக்குள் போவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா? உள்ளே அப்படி என்ன இருக்கிறது?

தாராளமாக முடியும். கயிறு, கொக்கி, மலையேற்றப் பயிற்சி எதுவும் இல்லாமலே பல லாவா குகைகளுக்குள் போய்வரலாம். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். நீளமான இருட்டு, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துப் பலர் வேகமாக நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் நீங்கள் நிற்பது வற்றிப்போன ஒரு நெருப்பாற்றின் படுகையில். அது எந்த மட்டத்தில் ஓடியது, எங்கே தேங்கியது, எப்படி வடிந்தது என்பதெல்லாம் சுவரிலும் தரையிலும் அப்படியே பதிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஒரே குகைக்குத் திரும்பத் திரும்பப் போகலாம், அலுக்காது.

எரிமலையிலிருந்து லாவா, அதாவது இறுகினால் பசால்ட் என்ற கரும்பாறையாகும் நீர்த்த குழம்பு, சரிவில் ஓடும்போது, காய்ச்சிய பாலில் ஆடை படிவது மாதிரி அதன் மேற்பரப்பு இறுகும். கீழே ஓட்டம் நிற்காது. இறுகிய கூரை சூட்டை வெளியே விடாததால், 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் குழம்பு ஒரு கிலோமீட்டர் போனாலும் ஏறக்குறைய ஒரு டிகிரிதான் குறையும். அதனால்தான் அவ்வளவு தூரம் ஓட முடிகிறது. ஊற்று நின்றதும் மிச்சக் குழம்பு வடிந்துபோய் வெற்றுக் குழாய் மட்டும் நிற்கும். ஹவாயில் உள்ள கசுமுரா குகை இப்படி உருவானதுதான். 65 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 1,100 மீட்டர் உயர வித்தியாசம். ஆந்திராவின் போரா குகை போன்ற சுண்ணாம்புக் குகைகளைத் தண்ணீர் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்துச் செய்கிறது. லாவா குகையோ ஒரு எரிமலைச் சீற்றம் ஓய்வதற்குள் தயாராகிவிடுகிறது.

நான் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில். அடிக்கடி போவது எல்லை தாண்டி வடக்கு கலிஃபோர்னியாவில் உள்ள லாவா பெட்ஸ் தேசிய நினைவிடத்துக்கு. மெடிசின் லேக் எரிமலையின் வடக்குச் சரிவு அது. 800-க்கும் மேற்பட்ட குகைகள் அங்கே இருக்கின்றன. சில பத்துக் குகைகள் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது வாலண்டைன் குகை. அகலமான, உயரமான பாதை. தரை வழவழப்பு. சுவரில் இடுப்பு மட்டத்தில் ஒரு விளிம்பு நீளமாக ஓடும், அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. குழம்பு ஒவ்வொரு மட்டத்திலும் சிறிது காலம் நின்று, ஓரத்தில் இறுகி, பிறகு இறங்கியதன் அடையாளம் அவை. பாதை நடுவே பெரிய தூண்கள் வரும். அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போய் மறுபடி சேர்ந்திருக்கிறது. கூரையைப் பாருங்கள், விரல் நீளத்துக்குக் கல் முனைகள் தொங்கும். உள்ளே அடைபட்ட சூட்டில் கூரையின் தோலே மறுபடி உருகிச் சொட்டியபோது பாதியில் இறுகியவை அவை. தயவுசெய்து தொடாதீர்கள். சுண்ணாம்பு ஊசிகளாவது மெல்ல மெல்ல வளரும். இவை உடைந்தால் உடைந்ததுதான்.

இங்கே ஒரு சின்ன உத்தி. நெற்றி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு பார்த்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். கையில் ஒரு டார்ச் எடுத்து, தரையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். குழம்பு மடிந்து மடிந்து நகர்ந்த வரிகள் ஒவ்வொன்றாக நிழலோடு எழுந்து நிற்கும். வரியின் வளைவு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ, ஆறு ஓடியது அந்தப் பக்கம். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் அப்புறம் அவர்களை வெளியே கூட்டிவருவதுதான் பெரும்பாடு.

கோல்டன் டோம் குகையின் கூரையில் நுண்ணுயிர்கள் படலமாகப் படர்ந்திருக்கின்றன. தண்ணீர் ஒட்டாத படலம் அது. அதன்மேல் நிற்கும் நீர்த்துளிகளில் விளக்கொளி பட்டால் கூரை முழுக்கப் பொன்னாக மின்னும். செவ்வாய்க் கிரகக் குகைகளில் உயிரின் தடயம் தேட ஒத்திகையாக நாசா ஆய்வாளர்கள் சிறு ரோவரை ஓட்டிப் பார்த்ததும் லாவா பெட்ஸ் குகைகளில்தான். ஸ்கல் குகையின் அடியில் கோடையிலும் பனிக்கட்டி இருக்கும். குளிர்காலக் காற்று கனமானது, கீழே இறங்கித் தேங்கிவிட்டால் வெளியேறாது. மெர்ரில் குகையிலும் முன்பு ஆட்கள் சறுக்கி விளையாடும் அளவுக்குப் பனித்தளம் இருந்தது. இன்று இல்லை, கரைந்துவிட்டது. எனக்கு அது மிகுந்த வருத்தம்.

இந்த நிலம் மோடாக் பழங்குடியினருடையது. 1872-73 போரில் கின்ட்புவாஷ் தலைமையில் ஏறக்குறைய 60 வீரர்கள், தங்கள் குடும்பங்களோடு, இந்த லாவாப் பள்ளங்களையும் குகைகளையும் அரணாக வைத்துக்கொண்டு பல மடங்கு பெரிய அமெரிக்க ராணுவத்தை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள். 1873 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். குகைக்குப் போகிறவர்கள் அந்த அரணையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பல குகைகளுக்குப் பெயர் வைத்தவர் ஜே. டி. ஹோவர்ட். அவர் பெயின்டால் எழுதிய பெயர்கள் சில வாசல்களில் இன்னும் இருக்கின்றன. 1925-இல் இது தேசிய நினைவிடமானதில் அவருக்கும் பங்கு உண்டு.

போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் என்றால் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் தெற்குச் சரிவில் உள்ள ஏப் குகை. ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முந்தையது, 4 கிலோமீட்டர் நீளம். கீழ்ப்பகுதி சுலபம். மேல்பகுதியில் இடிந்து விழுந்த பாறைக் குவியல்களின்மேல் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும் போங்கள்.

சாமான்களைப் பற்றி: ஹெல்மெட் கட்டாயம். ஆளுக்கு மூன்று விளக்கு, மூன்றுக்கும் புது பேட்டரி. செல்போன் வெளிச்சம் கணக்கில் சேராது. தடித்த கையுறை, முழங்கால் பட்டை, கணுக்காலை மூடும் ஷூ. பசால்ட் சொரசொரப்பு சாதாரணமானதல்ல, லேசாக உரசினாலே தோல் கிழியும். தனியாகப் போகாதீர்கள். எந்தக் குகை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வௌவால்களுக்காக ஒன்று. வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சை நோய் 2006-இல் நியூயார்க்கில் முதலில் தெரிந்தது. அதற்குப் பிறகு வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்கள் செத்துவிட்டன. அந்தப் பூஞ்சை நம் ஷூவிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே ஒரு குகைக்குப் போட்ட உடையையும் ஷூவையும் இன்னொரு பகுதியின் குகைக்குப் போடவே கூடாது. லாவா பெட்ஸில் இதைக் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் இலவச அனுமதிச் சீட்டு தருவார்கள். நான் ஏப் குகைக்குத் தனி ஷூ, லாவா பெட்ஸுக்குத் தனி ஷூ வைத்திருக்கிறேன். வௌவால் தங்கும் காலத்தில் சில குகைகளை மூடிவிடுவார்கள். அப்போது வேறு குகைக்குப் போய்க்கொள்ளலாம், குறைவே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வகைக் குகை கிடைக்காது. அங்குள்ள பாறைகள் வேறு. அமெரிக்கப் பயணம் வாய்த்தால் பார்த்துவிடுங்கள். முதல் தடவை என்றால் லாவா பெட்ஸ் பார்வையாளர் மையத்துக்கு அருகிலேயே உள்ள மஷ்பாட் குகையில் தொடங்குங்கள். விளக்குப் போட்டு, விளக்கப் பலகை வைத்திருப்பது அதில் மட்டும்தான். அடுத்து வாலண்டைன், நேரம் இருந்தால் ஸ்கல். ஊர்ந்து போக வேண்டிய கேட்டகோம்ஸை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் போக வரைபடமும் அனுபவமுள்ள ஒரு துணையும் வேண்டும்.