கறிவேப்பிலையில் புழு, மைலோ டின்னில் புன்னை

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, துளசி, மல்லி, மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். பள்ளியில் மரம் நடக் கூட்டிப்போனதிலிருந்து என் மகன், “இதெல்லாம் இந்த ஊர்ச் செடியே இல்லை அம்மா” என்று நச்சரிக்கிறான். அப்படிப் பார்த்தால் நாமும் வந்தவர்கள்தானே என்று கேட்டேன், சிரிக்கிறான். கறிவேப்பிலையை வேறு புழு மொட்டையடிக்கிறது. மருந்து அடிக்கலாமா? ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பொறுக்கிவந்த புன்னங்காய் நான்கு முளைத்து மைலோ டின்களில் நிற்கின்றன. புன்னை இந்த ஊர் மரம்தான் என்று அவனே சொல்கிறான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் வைத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

புழுவுக்குத்தான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து அடிக்காதீர்கள். நாளைக் காலையில் இலைகளை உற்றுப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக் கிடந்தால் அது எச்சம் இல்லை, இளம் புழு. குருவிகளை ஏமாற்ற அந்த வேடம். வளர்ந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு இலைப்பச்சைக்கு மாறிவிடும். நான் முதன்முதலில் பார்த்தபோது பென்சிலால் தள்ளிவிடப் போனேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை போல இரண்டு கொம்பு நீண்டது. கூடவே கெட்டுப்போன எலுமிச்சை மாதிரி ஒரு நாற்றம். பென்சிலைப் போட்டுவிட்டேன்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோ காமன் மார்மனோ இட்ட முட்டையாக இருக்கும். இரண்டும் இந்த ஊரில் சாதாரணமாகப் பார்க்கக் கூடியவை. தாய்ப்பூச்சி இலையைக் காலால் தொட்டே ருசி பார்க்கும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அந்த ருசி இருந்தால் அதற்குப் போதும். செடி யாரோடு கப்பலேறி வந்தது என்று விசாரிப்பதில்லை. ஆக, உங்கள் வந்தேறிச் செடி ஏற்கெனவே உள்ளூர்க்காரர்களுக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு கிளையை அவற்றுக்கு விட்டுவிட்டு மற்றதைச் சாம்பாருக்குப் பறித்துக்கொள்ளுங்கள். தின்று முடித்ததும் ஒரு காம்பில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். பத்து நாள் போலப் பொறுத்தால் மகனுக்கும் காட்டலாம்.

இனி அவன் வழக்கு. பாதி சரி. இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை வாய்க்கட்டுப்பாடு உள்ளவை, தலைமுறை தலைமுறையாகப் பழகிய செடிகளைத்தான் தொடும். உங்கள் மணி பிளான்ட்டின் இலையில் ஓட்டை பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அது பசிபிக் நடுவே மோரேயா என்ற தீவிலிருந்து வந்தது. “பூச்சியே வராது” என்று கடைக்காரர் புகழ்ந்து விற்கும் செடிக்கு, இங்குள்ள பூச்சிக்குச் சோறு போடாத செடி என்று இன்னொரு பெயரும் உண்டு. உள்ளூர்ச் செடி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இந்தச் சோறுதான். பிறப்புச் சான்றிதழ் அல்ல. ‘நாமும் வந்தவர்கள்தானே’ என்பது சுவையான கேள்வி, ஆனால் செடிக் கணக்கை மனிதர் பேரில் எழுத வேண்டாம், அது எங்கெங்கோ போய் நிற்கும்.

மகன் தினமும் நிழலில் நடந்துபோகும் தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான், அவனிடம் சொல்லுங்கள். அதை வெட்டச் சொல்வானா? அதன் கிளைகளில் கூடை கூடையாக உட்கார்ந்திருப்பது பறவைக்கூட்டுப் பெரணி, அசல் உள்ளூர். 1995 முதல் தேசியப் பூங்காக் கழகத்தினர் இங்கே அருகிப்போன ஆர்க்கிட்களை வளர்த்து, சாலையோர மரங்களின் மேல் திரும்பக் கட்டிவிட்டு வருகிறார்கள். புலி ஆர்க்கிட் அதில் ஒன்று.

புன்னையைப் பற்றி மகன் சொன்னது முழுக்கச் சரி. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தில் நிற்கிற அதே புன்னை இந்தக் கரைக்கும் சொந்தம். பூவரசும் புங்கமும் தாழையும் அப்படித்தான். இவற்றின் காயோ விதையோ கடலில் மிதக்கும், கரை ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். நாகப்பட்டினத்துக் கரையிலும் சாங்கி கரையிலும் ஒரே மரங்கள் நிற்பதற்கு யாரும் மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

தாழ்வாரத்துக்கு உள்ளூர்ச் செடி வேண்டுமென்றால் இரண்டு போதும். வெயில் விழும் பக்கம் செண்டுடோக். சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான் என்றும் சொல்வார்கள். ஊதா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ, பின்னால் வெடிக்கும் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப்போகும், பூக்கொத்திக் குருவிகளுக்கு உயிர். நிழல் பக்கம் காடுக், வெற்றிலையின் சொந்தக்காரச் செடி, இலையைச் சமைத்தும் சாப்பிடலாம். தொட்டிகள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. நானே ஒரு முறை கடிதம் வாங்கியிருக்கிறேன்.

இப்போது காடு. கன்றுகளை அங்கே வைக்காதீர்கள். உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம்.

புன்னை கடற்கரை மரம், அந்த மேட்டுக் காடு அதன் இடமே இல்லை. அப்புறம், அனுமதியில்லாமல் அங்கே எதையும் நடக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. காட்டை மீட்பது என்றால் நம் மனக்கண்ணில் உடனே வருவது மண்வெட்டியும் கன்றும். நடந்த கதையோ தலைகீழ். 19ஆம் நூற்றாண்டில் கேம்பியரும் (தோல் பதனிட உதவும் சாற்றுக்காக வளர்த்த செடி) மிளகும் போட இங்கே காட்டை வெட்டினார்கள். கேம்பியர் இலையைக் கொதிக்கவைக்கும் அடுப்புக்குப் பக்கத்துக் காடும் விறகாகப் போனது. மண் சத்திழந்ததும் தோட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். கைவிட்ட அந்த நிலத்தில் செண்டுடோக்கும் சிம்போ ஆயர் என்ற உள்ளூர்ப் புதர்ச்செடியும் தாமாக வந்தன. சிம்போ ஆயரின் காய் சிவப்பு நட்சத்திரம் போலப் பிளக்கும், பறவைகள் அதைத் தின்ன வரும், வேறு விதைகளைப் போட்டுவிட்டுப் போகும். அந்த நிழலில் அடுத்த மரம் எழும். இந்த வேலையைக் கெடுப்பவைதான் இன்று பெரிய தலைவலி.

போன வருடம் ஒரு சனிக்கிழமை தொண்டூழியத்துக்குப் போயிருந்தேன். கன்று நடுவோம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனவனிடம் அரிவாளைக் கொடுத்தார்கள். ஒரு மரத்தைச் சுற்றி ஏறியிருந்த கொடியை இறக்க வேண்டும். இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், ஓரம் கிழிந்து கிழிந்து. தண்டு என் கட்டைவிரலைவிடத் தடிமன். பட்டையில் வேரை ஓட்டிப் பசை போட்டதுபோலப் பிடித்திருந்தது. இரண்டு மணி நேரம் இழுத்த பிறகுதான் பக்கத்திலிருந்த பெண் சொன்னார், மணி பிளான்ட் என்று. என் வீட்டில் கண்ணாடிக் குடுவையில் உள்ளங்கை அளவு இலையோடு சாதுவாக இருக்கிற அதேதான். யாரோ கத்தரித்த துண்டைக் காட்டோரம் வீசியிருப்பார்கள், அவ்வளவுதான். அன்று நாங்கள் ஒரு கன்றும் நடவில்லை. 2019இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய காட்டு மீட்புத் திட்டத்தையே பத்தாண்டு வேலை என்றுதான் அறிவித்தார்கள். நட்டதைவிடப் பிடுங்கியதும் காத்திருந்ததும்தான் அதில் அதிகம் இருக்கும் என்று அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் மகனை மீண்டும் மரம் நட அழைத்தால், களை பிடுங்கவும் அழைப்பார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். உங்கள் மணி பிளான்ட் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், வெட்டும் துண்டுகளை மட்டும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். புன்னைகளுக்கு உங்கள் பேட்டையின் சமூகத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். இடமில்லை என்றால் ஒன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக் கிளையைக் கத்தரித்துக்கொண்டே வந்தால் குட்டையாகப் பல வருடம் நிற்கும்.

மைலோ டின்களுக்கு அடியில் ஓட்டை போட்டிருக்கிறீர்களா? கீழே தட்டு வைத்திருந்தால் தண்ணீரை இன்றே கவிழ்த்துவிடுங்கள். கொசு சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள்.