கத்துகிற தயாரிப்பாளரும் கையெழுத்துப் போடாத தயாரிப்பாளரும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பர்பேங்கில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனியில் புரொடக்‌ஷன் பக்கம் வேலை, எச்-1பி விசா, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தயாரிப்பாளர் ஒருவர் எல்லார் முன்னாலும் கத்துகிறார், ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டுத் திட்டுகிறார். சீனியர்களிடம் சொன்னால், "அவர் அந்தக் காலத்து ஆள், ஹாரி கோனிடம் வேலை பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்" என்று சிரிக்கிறார்கள். ஹாலிவுட்டே இப்படித்தானா, பொறுத்துப் போகவா, வேலையை விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் எண்பதுகளின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் வந்தவள். சினிமா ஆசையெல்லாம் கிடையாது, வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. மெட்ராஸில் படித்த பி.காமை வைத்து ஒரு சம்பளப் பட்டுவாடா ஆபீசில் நுழைந்து, அப்படியே படப்பிடிப்புக் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போய், ஓய்வு பெறும் வரை அதிலேயே இருந்துவிட்டேன். தயாரிப்பாளர்களை நான் பார்த்ததெல்லாம் ரசீது, வவுச்சர், ஒப்பந்தம் வழியாகத்தான். அதனால் என் பதிலிலும் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சீனியர்கள் சொல்கிற கதைகளை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். நான் சேர்ந்த காலத்தில் ஆபீசில் இருந்த பெரியவர்கள் சிலர் பழைய ஸ்டுடியோக்களில் டைப்பிஸ்டாகவும் எழுத்தராகவும் ஆரம்பித்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். ஹாரி கோன், கவர் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோவின் முதலாளி. 1933-இல் முசோலினியைப் பற்றி ஒரு டாக்குமென்டரியை வெளியிட்டார், இத்தாலிக்குப் போய் அந்த ஆளின் அறையைப் பார்த்துவிட்டு வந்து தன் அறையையும் அதே மாதிரி கட்டிக்கொண்டார். நீளமான அறை, கடைசியில் உயரமான மேடை மேல் மேஜை. கதவிலிருந்து மேஜை வரை நடந்து வருவதற்குள்ளேயே வருகிறவன் பாதி தோற்றுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. கையில் குதிரைச் சவுக்கு, பேச்சுக்கு நடுவே அதை மேஜையில் பளீரென்று அடிப்பார். 1958-இல் அவர் செத்தபோது ஸ்டுடியோவிலேயே நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அவ்வளவு பேர் வந்ததைப் பார்த்து, மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதைக் கொடுத்தால் கூட்டம் தானாக வரும் என்று நகைச்சுவை நடிகர் ரெட் ஸ்கெல்டன் சொன்னதாகச் சொல்வார்கள்.

இன்னொரு ஸ்டுடியோ தலைவர் டாரில் சானக், போலோ மட்டையைச் சுழற்றிக்கொண்டேதான் கதை விவாதமே நடத்துவார். தயாரிப்பாளர் செல்ஸ்நிக் ராத்திரியெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பு சொல்லி எழுத வைத்து எல்லாருக்கும் அனுப்புவார். உங்கள் பதினொரு மணி போனுக்கு அவர்தான் முப்பாட்டன்.

இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வரும். நம் ஊரில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றிப் பழைய ஆட்கள் பேசும்போது கண்ணில் ஒரு பெருமை தெரியுமே, அதே பெருமைதான் இங்கேயும். இங்கே யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தில் படித்த எல்லிஸ் ஆர். டங்கன் அங்கே போய் 'மந்திரி குமாரி' இயக்கியது சுந்தரத்துக்காகத்தான், ஆக இரண்டு பக்கக் கண்டிப்பையும் கண்ணால் பார்த்த ஆள் ஒருவராவது இருந்திருக்கிறார்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் எப்போதும் சவுக்கையும் மட்டையையும்தான் சொல்வார்கள். பணம் எப்படிப் போனது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். நடிக்க வந்த பெண்களை அதே அறைகளில் எப்படி நடத்தினார்கள் என்பதும் அந்த மத்தியானப் பேச்சில் வராது. பல வருஷம் கழித்து, 2017-இல் தயாரிப்பாளர் வெய்ன்ஸ்டீன் மேல் பாலியல் புகார்கள் வெடித்த பிறகுதான் அதைப் பலர் வாய்விட்டுப் பேசினார்கள்.

லூயி பி. மேயர் எம்ஜிஎம் ஸ்டுடியோவை நடத்தியவர், கத்துவதைவிட அழுவதில் கெட்டிக்காரர். 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் வங்கிகளை மூடியபோது ஊழியர்களைக் கூட்டி வைத்துக் கண் கலங்கப் பேசி, எட்டு வாரத்துக்குப் பாதிச் சம்பளம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்ற பேச்சுதான். வெளியே வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், எப்படிச் செய்தேன் என்று கேட்டாராம். அந்த மனிதர் சில வருஷங்களில் அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிற நிர்வாகி, வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்த எட்டு வாரக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. விளக்கு பிடிப்பவர்கள், செட் போடுபவர்களின் சங்கமான ஐயாட்சி அந்த வெட்டுக்குத் தலையாட்டவில்லை. அழுகையில் கரைந்தவர்கள் நடிகர்களும் எழுத்தாளர்களும்தான். கரைந்தவர்களுக்கும் அப்புறம் புத்தி வந்து, அந்த வருஷமே எழுத்தாளர் சங்கத்தையும் நடிகர் சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஸ்டுடியோ முதலாளிகளில் பாதிப் பேர் நம்மைப் போலக் கடல் தாண்டி வந்தவர்கள். மேயர் ரஷ்யப் பேரரசிலிருந்து, சூக்கரும் ஃபாக்ஸும் ஹங்கேரியிலிருந்து, லெம்லி ஜெர்மனியிலிருந்து. கோல்ட்வின் வார்சாவிலிருந்து வந்து கையுறை விற்றுப் பிழைத்தவர். வந்தேறி முதலாளி என்றால் வந்தேறி ஊழியனிடம் இரக்கம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க்காரர் நடத்துகிற கம்பெனி என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டு என்னிடம் கணக்குக் கேட்டு வந்த பிள்ளைகள் உண்டு.

அடுத்தது வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் ஜாக் வார்னர். கூடப் பிறந்த அண்ணன்மாரோடு சேர்ந்து 1956-இல் கம்பெனிப் பங்குகளை விற்பது என்று பேசி முடித்துவிட்டு, ரகசியமாகத் திரும்ப வாங்கித் தானே தலைவராக உட்கார்ந்தவர். அண்ணனுக்கே அப்படி என்றால் ஊழியருக்கு எப்படி இருக்கும்? அந்தக் காலத்து ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு. கொடுத்த வேடத்தை நடிகை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்தி வைப்பார்கள், நிறுத்தி வைத்த நாட்களையெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டுவார்கள். ஏழு வருஷம் எட்டாகும், ஒன்பதாகும், முடிவே வராது. 1943-இல் அங்கே இருந்த நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் ஏழு வருஷம் முடிந்து கிளம்பப் பார்த்தால், இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றார்கள். அவர் கத்தவில்லை, வக்கீலிடம் போனார். கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தில் ஏழு வருஷம் என்று ஒரு வரி ஏற்கெனவே இருந்தது, அது காலண்டர் வருஷமா, வேலை பார்த்த நாட்களைக் கூட்டி வருகிற வருஷமா என்பதுதான் வழக்கே. 1944-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காலண்டர் வருஷம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. நடுவில் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் கடிதம் போட்டு அவருக்கு வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஜெயித்து வந்து இரண்டு ஆஸ்கர் வாங்கினார் அந்தம்மா. இன்றைக்கும் அந்தச் சட்டத்தை அவர் பெயரைச் சொல்லித்தான் இங்கே குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் எங்கள் கணக்குக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்கிற கதை டேவிட் பெகல்மனுடையது. 1977-இல் அவர் கொலம்பியாவின் தலைவர். சவுக்கெல்லாம் கிடையாது, நல்ல உடுப்பு, இனிக்க இனிக்கப் பேச்சு, எல்லாருக்கும் நண்பர். அந்த வருஷம் கிளிஃப் ராபர்ட்சன் என்ற நடிகருக்கு, அவர் ஆஸ்கர் வாங்கியவர், கொலம்பியாவிலிருந்து ஒரு வருமானப் படிவம் தபாலில் வந்தது, 1099 என்று சொல்கிறோமே அதேதான். பத்தாயிரம் டாலர் வாங்கியதாகப் போட்டிருந்தது. வாங்காத பணத்துக்கு யார் வரி கட்டுவது என்று விசாரிக்கப் போனால், அவர் பெயரில் காசோலை எழுதி, கள்ளக் கையெழுத்துப் போட்டுக் காசாக்கியது தலைவரேதான்! அடுத்தடுத்து இன்னும் சில காசோலைகள் வெளியே வந்தன. முடிவு என்ன தெரியுமா? பெகல்மன் சிறைக்குப் போகவில்லை, கொஞ்ச காலத்திலேயே எம்ஜிஎம்முக்குத் தலைவராகப் போனார். புகார் சொன்ன ராபர்ட்சனுக்குத்தான் சில வருஷம் படமே வரவில்லை.

பத்திரிகை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் கதையும் இதே ரகம். 'கமிங் டு அமெரிக்கா' படம் தன் கதைக் கருவிலிருந்து வந்தது என்று பாரமவுண்ட் ஸ்டுடியோ மேல் வழக்குப் போட்டு 1990-இல் ஜெயித்தார். உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், ஆனால் நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். அந்த லாபக் கணக்கு முறையே நியாயமற்றது என்று நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எங்கள் ஆபீசில் யாரும் வேலை பார்க்கவில்லை, நகலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தோம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. தொண்ணூறுகளின் ஆரம்பம், ஒரு நடுத்தர பட்ஜெட் படம், தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். கத்துவதில் ஊரறிந்தவர். பென்சில் ஹோல்டர் பறந்து வந்து டிரெய்லர் சுவரில் பட்ட தடம் கடைசி நாள் வரை இருந்தது. ஒரு நாள் கம்பளக் கடை பில் ஒன்றை என் மேஜையில் போட்டு, செட் அலங்காரக் கணக்கில் ஏற்று என்றார். டெலிவரி முகவரியைப் பார்த்தால் அவர் வீடு. நான் எதுவும் சொல்லவில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் படிவத்தை எடுத்து, எந்தக் காட்சிக்கு என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, இதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், உடனே ஏற்றிவிடுகிறேன் என்று நீட்டினேன். முகம் சிவந்து, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார், என் ஊர், என் உச்சரிப்பு, எல்லாம் வந்தது. பேனாவை மட்டும் தொடவில்லை. பில்லைச் சுருட்டிக்கொண்டு போனார், மறுநாள் காலை மேஜையில் ஒரு பூங்கொத்து இருந்தது. அதே படத்தில் இன்னொரு பெரிய மனிதர், குரலே உயராது, என்னை 'டார்லிங்' என்றுதான் கூப்பிடுவார். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்ட கூடுதல் நேரப் பணத்தை, அப்படி நான் சொல்லவே இல்லையே என்று சிரித்துக்கொண்டே மறுத்து, ஏழெட்டுப் பிள்ளைகளின் இரண்டு வார உழைப்பை முழுங்கிவிட்டார். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகையால் உங்கள் ஆள் கத்துகிறார் என்பதைவிட, அந்தப் பதினொரு மணி போன் நேரம் உங்கள் டைம்ஷீட்டில் ஏறுகிறதா என்பதுதான் எனக்குக் கவலை. கலிஃபோர்னியாவில் ஓவர்டைமுக்கு உரியவராக இருந்தால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு, பன்னிரண்டு தாண்டினால் இரண்டு மடங்கு. மாதச் சம்பளம் என்பதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது, செய்கிற வேலையையும் சம்பள அளவையும் பார்த்துத்தான் முடிவு. ஆஃபர் லெட்டரை எடுத்து 'எக்ஸெம்ப்ட்', அதாவது ஓவர்டைம் கிடையாது, என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எச்-1பிக்காகக் கம்பெனி அரசாங்கத்திடம் தாக்கல் செய்த எல்.சி.ஏ., அதாவது உங்கள் சம்பளத்தைக் குறிப்பிடுகிற விண்ணப்பத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதில் உள்ள சம்பளத்துக்குக் குறைந்து கொடுக்க முடியாது. நகல் இல்லையென்றால் மெயிலில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

போன் வந்து முடிந்ததும், 'இப்போது பேசியபடி நாளைக்கு இன்ன ஷாட்டுகளை முடிக்கிறேன், பேசியது 11:10 முதல் 11:50 வரை' என்று இரண்டு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். கோபமோ புகாரோ அதில் வேண்டாம். ஆனால் போனை ரகசியமாகப் பதிவு மட்டும் செய்துவிடாதீர்கள், இந்த மாநிலத்தில் எதிராளியின் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்தால் குற்றம், மாட்டுவது நீங்கள்தான். விசாவைக் காட்டி மிரட்டினால், அப்படிப் பழிவாங்குவதும் இங்கே சட்டவிரோதம், தேதி போட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் துறையில் சங்கம் இல்லை என்று சொல்வார்கள். 2023-இல் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் ஓட்டுப் போட்டு ஒருமனதாக ஐயாட்சியில் சேர்ந்தார்கள், மேயருக்குத் தலையாட்டாத அதே சங்கம். உங்கள் கம்பெனியில் பேச்சு நடக்கிறதா என்று ஆபீஸ் மெயிலில் இல்லாமல் வெளியே காபி குடிக்கும்போது விசாரித்துப் பாருங்கள்.

விடவா என்றால், விடுங்கள், ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம். வேலை முடிகிற நாளிலிருந்து இங்கே தங்க உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள்தான். ஐ-94, அதாவது இந்த நாட்டில் தங்க அனுமதித்த பதிவில் உள்ள கடைசித் தேதி, அதற்கு முன்பே வந்தால் அதுதான் கெடு. வேலையில் இருக்கும்போதே தேடுங்கள், புதிய கம்பெனி உங்களுக்காக மனுவைத் தாக்கல் செய்துவிட்டால் முடிவு வரும் வரை காத்திராமல் அங்கே சேரலாம். இரண்டு வருஷத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள், கலிஃபோர்னியாவில் அது செல்லாது. ஆஃபர் லெட்டரில் புரியாத வரி இருந்தால் கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.