பழைய பள்ளிக்கூடத்துக்கு சிமென்ட் பூசலாமா?

கேள்வி: நாங்கள் படித்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நூறு வயதுக்கு மேல். பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை நூலகமும் கூட்ட அரங்குமாக மாற்றப் பணம் திரட்டியிருக்கிறோம். கீழ்ச்சுவர் முழுக்க ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்கிறது. எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, டைல்ஸ் போட்டு, ஃபால்ஸ் சீலிங் அடித்தால் புதுக் கட்டடம் மாதிரி ஆகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். நூலகத்தை மாடியில் வைக்கலாம் என்றும் யோசனை. செய்யலாமா?
- முன்னாள் மாணவர் ஒருவர்

பதில்: புதுக் கட்டடம் மாதிரிதான் ஆகும், சில மழைக்காலம் வரைக்கும். அப்புறம் ஓதம் இன்னும் ஓரடி மேலே ஏறி நிற்கும்.

இன்று நாம் பூசும் சாதாரண சிமென்டான போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். அதற்குப் பிறகும் வெகுகாலம் சுண்ணாம்புக் காரையில்தான் சுவர் எழுப்பினார்கள். உங்கள் சுவரில் பூச்சு விழுந்த இடத்தில் செங்கல் இடுக்கை ஓர் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாக, பொடிப்பொடியாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புதான். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றும் வெயிலும் பட்டால் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகத்தையே பிய்த்துக்கொண்டு வரும். தரையில் டைல்ஸ் போட்டால் அடியில் இருக்கும் ஈரமும் சுவரைத் தேடி வரும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே கதைதான். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைப்பது சிரமம் என்பார்கள். சிரமம்தான், ஆனால் தேடுங்கள்.

பூச்சுக்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அடைத்துக் கிடக்கும் கூரைத் தாரை, உடைந்த வடிகுழாய், வருடக்கணக்கில் மண் கொட்டி உள்தரையைவிட உயர்ந்துவிட்ட வெளிமுற்றம். இவற்றைச் சரிசெய்துவிட்டு, சுவர் காயட்டும் என்று சில மாதம் சும்மா இருங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் அவசரப்படுத்துவார்கள், சமாளிக்க வேண்டியதுதான்.

மர உத்திரம் நடுவில் அழகாகத்தான் இருக்கும். சுவருக்குள் போகும் முனைதான் முதலில் மக்கும். கூரான கம்பியால் அங்கே குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால் ஒழுகுவதும் தெரியாது, கரையானும் தெரியாது. விரிசல் இருந்தால் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

மாடியில் நூலகம் மட்டும் வேண்டாம். வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை தாங்க வேண்டும் என்று கணக்கு வைப்பது வழக்கம். நூல் அடுக்குகளுக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். உங்கள் மாடியைக் கட்டியவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டார்களா என்பதே சந்தேகம். புத்தகம் கீழே இருக்கட்டும். மாடியிலும் கூட்டம் கூட்டுவதென்றால் பொறியாளர் தளத்தைப் பார்த்து எழுத்தில் கொடுக்கட்டும். கழிவறையைத் தனியாக வெளியே கட்டுங்கள்; பழைய சுவருக்கடியில் குழாய் ஓட வேண்டாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். கூட்ட அரங்கின் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

பழைய கட்டடம் என்றால் அருங்காட்சியகம் போல மூடி வைக்க வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே, சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்குக் கட்டடத்தைக் கொடுப்பது பாதுகாப்புக்கு நல்லது என்கிறது. அதற்காக அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. ஆகவே அந்த உயரமான ஜன்னல்களை ஏசி வைக்க அடைத்துவிடாதீர்கள். சுவரிலேயே கறுப்புப் பூச்சாக இருக்கும் கரும்பலகை மிச்சமிருந்தால் அதன்மேல் யாரும் கை வைக்க வேண்டாம். கூட்ட அறிவிப்பை அதில் சாக்பீஸால் எழுதிக்கொள்ளலாமே.