நரம்பு டாக்டரிடம் கேளுங்கள்: உண்ணி கடித்தால் காது மந்தமாகுமா?

என் மாமியாருக்கு 58 வயது. ஆடு மேய்ப்பார், புல்லறுக்கப் போவார். கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் தலைவலி தாங்க முடியவில்லை, காது மந்தமாகிவிட்டது. ராத்திரி என்னை நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் மூளையைத் தொட்டிருக்கிறது என்றார்கள். மருந்து ஏற்றியதும் தெளிந்துவிட்டார். காது மட்டும் இன்னும் சரியாகவில்லை. இத்தனூண்டு பூச்சி மூளை வரை போகுமா டாக்டரம்மா?
- வாசகி, குடியாத்தம்

பூச்சி போவதில்லை அம்மா, அது விட்டுவிட்டுப் போன கிருமிதான் போகிறது. ஸ்க்ரப் டைஃபஸ் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. இந்தக் கிருமி சின்னஞ்சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரில் குடியேறிப் பெருகும். அப்படிப்பட்ட குழாய்கள் உடம்பு முழுக்க இருப்பதால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை எது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும். மூளைக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் தெரியும்: கடுமையான தலைவலி, பிதற்றல், சிலருக்கு வலிப்பு, சிலருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது. காய்ச்சலோடு திடீரென்று காது மந்தமாவதும் இந்த நோயின் ஒரு முக்கியமான துப்பு. வீட்டில் இருப்பவர்கள் "காய்ச்சல் அசதி, கூப்பிட்டால் கேட்கவில்லை" என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

காது பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். இரண்டு மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனை அளந்து பாருங்கள்.

அந்தப் பொருக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. இருக்கிற இடமும் அப்படி: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு நாடாவின் கீழ், காதுக்குப் பின்னால். எல்லோருக்கும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தேடினால்தானே கிடைக்கும்? நைட்டியோடு படுத்திருக்கும் அம்மாவை நாடி மட்டும் பிடித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும் விஷயம். கூச்சமென்றால் ஒரு நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு பார்க்கலாம். ரத்தத்தில் பார்க்கும் ஐ.ஜி.எம். பரிசோதனை முதல் சில நாட்களில் இல்லை என்றே காட்டக்கூடும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரிலும் குழப்பம் வரும். பார்ப்பதற்குக் காசநோய் மூளைக்காய்ச்சலைப் போலவே இருக்கும். அதை நம்பி மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மருந்தோ எளிது, விலையும் குறைவு: டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. சாதாரணமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாது. எனவே சந்தேகம் வந்தவுடன் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் முறை. மருத்துவர் சொல்லித்தான், மெடிக்கலில் நீங்களாக வாங்க வேண்டாம்.

வயநாட்டில் குரங்குக் காய்ச்சல் என்கிறார்களே, அதுவும் இதுதானா? அதே மாத்திரை கேட்குமா?
- வாசகர், கூடலூர்

இல்லை சார், அது வைரஸ். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்தார்கள். காட்டு உண்ணி பரப்புவது. டாக்ஸிசைக்ளின் கேட்காது, தனி மருந்தே கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான். உங்கள் பக்கம் 2012-லேயே நீலகிரியில் செத்த குரங்குகளில் இந்த வைரஸ் இருந்தது. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு: காய்ச்சல் விட்டு, ஆள் எழுந்து நடமாடி, ஒன்றிரண்டு வாரம் கழித்து, நூற்றில் பத்திலிருந்து இருபது பேருக்கு மறுபடியும் காய்ச்சல் வரும். இந்தச் சுற்றில்தான் தலைவலி, கை நடுக்கம், மனக்குழப்பம், பார்வை மங்கல் எல்லாம். "அதுதான் சரியாகிவிட்டதே" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பழைய தடுப்பூசி போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று 2022-ல் நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குள் போனால் முழுக்கைச் சட்டை, உண்ணி விரட்டும் எண்ணெய். செத்த குரங்கைக் கண்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம்.

எங்கள் நாய்க்கு உண்ணி அதிகம். பேரன் அதோடுதான் புரள்கிறான். அவன் மேல் ஏறினால் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?
- வாசகர், திண்டுக்கல்

ஊற்றக் கூடாது, தீக்குச்சியும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் மெல்ல நேராக இழுத்து எடுங்கள். நசுக்காதீர்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் உண்ணியும் ஒரு வகை டைஃபஸ் காய்ச்சலைத் தரும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் பேரனுக்குக் காய்ச்சலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளிகளும் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாயைக் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.