கனடா பி.ஆர்.: மனைவியின் டிகிரிக்கும் இ.சி.ஏ. வேண்டுமா?

கேள்வி: எனக்கு 36 வயது, பி.இ. முடித்துப் பத்து வருடமாக வேலையில் இருக்கிறேன். மனைவிக்கு 29, எம்.காம்., நான்கு வருடம் அக்கவுண்ட்ஸ் வேலை. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு (கனடா நிரந்தர வசிப்புக்கான விண்ணப்ப முறை) என் இ.சி.ஏ. (நம் படிப்பு கனடாவில் எதற்குச் சமம் என்ற மதிப்பீடு) ரிப்போர்ட் வந்துவிட்டது. அவளுடைய படிப்புக்கும் எடுக்க வேண்டுமா? கட்டாயமில்லை, வீண்செலவு என்கிறார் நண்பர்.

பதில்: கட்டாயமில்லை என்பது சரி, வீண்செலவு என்பதுதான் தப்பு. இ.சி.ஏ. இல்லாவிட்டால் உங்கள் மனைவி கனடாவுக்கு வெளியே படித்த படிப்புக்கு சி.ஆர்.எஸ். (விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தும் புள்ளி முறை) கணக்கில் ஒரு புள்ளிகூட வராது. எடுத்தால், மூன்று வருட டிகிரிக்குச் சமம் என்று வந்தால் 8, மாஸ்டர்ஸ் என்று வந்தால் 10. அவ்வளவுதானா என்று கேட்பீர்கள், அவ்வளவுதான். அவர் ஐஇஎல்டிஎஸ் எழுதினால் அதற்கு 20 வரை உண்டு, அதனால் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பரீட்சைக்குக் கட்டச் சொல்வேன் (ஜெனரல் டிரெயினிங், அகாடமிக் செல்லாது).

ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ஏன் நீங்களே பிரதான விண்ணப்பதாரராக இருக்க வேண்டும்? துணையோடு விண்ணப்பிக்கும்போது 36 வயதுக்கு 65 புள்ளி, 29 வயதுக்கு 100. படிப்பில் உங்களுக்கு 112, அவருடைய எம்.காம். மாஸ்டர்ஸ் என்று வந்தால் 126. இருவரும் ஆங்கிலப் பரீட்சையின் நான்கு பிரிவிலும் சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9 வாங்கினால், படிப்பையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தரும் புள்ளி உங்களுக்கு 25, அவருக்கு 50. பெயரை மாற்றிப் போட்டாலே இந்த மூன்றில் மட்டும் 74 புள்ளி ஏறுகிறது, கணவர் பெயரில்தான் ஃபைல் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிப் போட்டால் அவருடைய இ.சி.ஏ. கட்டாயம், உங்களுடையது 8 புள்ளிக்கு உதவும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்கவுண்ட்ஸ் என்றால் என்ன வேலை? புக்கீப்பர் டீர் (வேலைக்கு வேண்டிய படிப்பு, பயிற்சியை வைத்துப் பிரிக்கும் நிலை) 2, தகுதி உண்டு. அக்கவுண்டிங் கிளார்க் டீர் 4, அந்த அனுபவம் எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவுக்கு எடுபடாது. பதவிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், தினமும் என்ன செய்தார் என்பதை வைத்து என்.ஓ.சி. என்ற கனடாவின் வேலை வகைப் பட்டியலில் தேடுங்கள்.

அப்புறம், எம்.காம். சான்றிதழ் கையில் இருப்பதாலேயே அது மாஸ்டர்ஸ் ஆகிவிடாது, கனடாவில் எதற்குச் சமம் என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களோ அதுதான் கணக்கு. அதனால் பி.காம்., எம்.காம். இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். டபிள்யூ.இ.எஸ். மாதிரி அங்கீகாரம் பெற்ற அமைப்பில், குடியேற்றத்துக்கான இ.சி.ஏ. என்று பார்த்துக் கேளுங்கள், சாதாரண மதிப்பீடு உதவாது. அப்புறம் அந்த இனிஷியல் பிரச்சினை: மார்க்‌ஷீட்டில் அப்பாவின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் என்று இருந்தால் இப்போதே ஆதாரம் தயார் செய்யுங்கள். ரிப்போர்ட் ஐந்து வருடம் செல்லும், உங்களுடையதில் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.